வண்டிப் பெட்டி

சங்கர மேஸ்திரி அந்தப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்ததை நான் தூரத்திலேயே பார்த்துவிட்டேன்.

திருத்தங்கலுக்கு வெளியே, வேலிக்கருவைக் காட்டுக்கு நடுவில் இருக்கிற ஒரு பட்டாசு குடோன். புரட்டாசி முடியப்போகிற மத்தியானம். மேற்கே வானம் கறுத்து இறுகிக் கிடந்தது. சீசனின் கடைசி லோடு எங்கள் வண்டியில் ஏறி முடிந்திருந்தது. லோடுமேன்கள் நாலைந்து பேர் தார்ப்பாயைத் தரையில் விரித்து உதறிக்கொண்டிருந்தார்கள்.

மற்ற அட்டைப்பெட்டி எல்லாம் பின்னால் பாடிக்குள் போய் அடைந்துவிட்டது. இந்த ஒன்று மட்டும் முன்னால், டிரைவர் கேபினைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. மினுமினுக்கும் காகிதம் ஒட்டின கிஃப்ட் பாக்ஸ். மூடியில் ஒரு குழந்தை கம்பி மத்தாப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"மேஸ்திரி, அது எங்க போவுது?" என்றேன்.

அவர் திரும்பவே இல்லை.

"ஒங்களைத்தான் கேக்கேன். காது அடைச்சுப் போச்சா?"

"வண்டிப் பெட்டி மதினி. கடைசி லோடுல்ல?"

"கீழ இறக்குங்க."

தார்ப்பாய் உதறுகிற சத்தம் நின்றுபோயிற்று. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கேபின் கதவைப் பிடித்தபடி நின்றிருந்த என் தம்பி மாரிச்செல்வம், "யக்கா, ஆரம்பிச்சுட்டியா?" என்று தலையில் கைவைத்தான். அந்த வண்டியை ஓட்டுகிறவன் அவன்தான். வண்டி என்னுடையது.

ஆமாம், ஆரம்பித்துவிட்டேன். எனக்கு உயிரோடு மிஞ்சியிருக்கிற கூடப்பிறப்பு அவன் ஒருத்தன்தான். அந்தப் பெட்டி இருக்கிற கேபினில் அவனை ஏற்றி அனுப்ப மாட்டேன் என்று அன்றைக்கு நின்றேன்.

போன வாரம் இந்தத் தொடரில் விருதுநகர் வத்தல் லோடு பற்றி எழுதியதைப் படித்துவிட்டு நிறையப் பேர் சிரித்ததாகச் சொன்னார்கள். மூட்டை இறக்கிய கடைக்காரர் தும்மித் தும்மிக் கணக்கை மறந்த கதை. "பட்டாசு லோடு பத்தி எப்ப எழுதுவீக?" என்றும் கேட்டார்கள். அதில் சிரிக்க ஒன்றும் இல்லை என்பதால்தான் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

போன பெட்டி வரணும்

வண்டிப் பெட்டி என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. எங்கள் பக்கத்து லோடுமேன்கள் வைத்திருக்கிற வழக்கம் அது. சீசனின் கடைசி லோடு ஏற்றி முடித்ததும், அவர்களாகச் சேர்ந்து டிரைவருக்கு ஒரு கிஃப்ட் பாக்ஸ் கொடுப்பார்கள். டிரைவர் வீட்டுப் பிள்ளைகளின் தீபாவளிக்கு.

கொடுப்பது சரி. அதை வீட்டில் கொடுத்துவிட்டுப் போகக்கூடாது என்பதுதான் அதிலிருக்கிற கூத்து. பெட்டி வண்டியோடு ஏறி, லோடு இறங்குகிற ஊர்வரைக்கும் போய், வண்டியோடுதான் வீடு திரும்ப வேண்டும். போன பெட்டி வந்தால் போன ஆளும் வந்துவிடுவான் என்று நம்பிக்கை. பாதியில் இறக்கினால் பயணம் தட்டும் என்பார்கள்.

பின்னால் பாடியில் அதை வைக்க முடியாது. அங்கே இருப்பதெல்லாம் பில் போட்ட சரக்கு. தார்ப்பாய் மூடிக் கயிறு இறுக்கியாகிவிடும். அதனால் கேபினில், சீட்டுக்குப் பின்னால், டிரைவர் படுக்கிற பலகையின் தலைமாட்டில் வைப்பார்கள். இதை எந்தப் புண்ணியவான் முதலில் தொடங்கி வைத்தானோ, அவன் வாயில் மண்ணைப் போட.

கல்யாணத்துக்கு முந்தி நான் பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தவள். உள்ளே நுழையுமுன் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போகவேண்டும், உடம்பில் இருக்கிற கரண்ட் இறங்குவதற்கு. செருப்பு கூடாது, கொண்டை ஊசி கூடாது. ஒரு தடவை தெரியாமல் ஒரு ஊக்கைக் குத்திக்கொண்டு போனதற்கு போர்மேன் என்னை வெயிலில் நிற்க வைத்துத் திட்டினார். ஒரு ஊக்குக்கு அம்புட்டுத் திட்டு. அதே சரக்கு பெட்டிக்குள் போய், மேலே சிரிக்கிற குழந்தைப் படம் ஒட்டிவிட்டால், அது பட்டாசு இல்லை, பரிசு. தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கலாம்.

அவர் லோடு ஏற்றுகிற விதம்

என் வீட்டுக்காரர் பெயர் முத்துராஜ். இருந்தவரைக்கும் நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது எழுதினால் யார் கோவிக்கப் போகிறார்கள்?

அவரோடு லோடு ஏற்றப் போகிறவர்கள் முணுமுணுக்காமல் திரும்பியதில்லை. அவ்வளவு நொரநாட்டியம். வண்டியை குடோனுக்குப் பின்பக்கமாக ரிவர்ஸில் கொண்டுபோய், மூக்கு கேட்டைப் பார்க்க நிறுத்துவார். எதாவது ஒன்று என்றால் திருப்பிக்கொண்டிருக்கக் கூடாது, அப்படியே எடுத்துக்கொண்டு போகவேண்டும். என்ஜினை அணைத்து, பேட்டரி வயரைக் கழற்றி, சைலன்சரில் கை வைத்துப் பார்த்து, அது ஆறினால்தான் முதல் பெட்டி.

பாடித் தரையை அவரே கூட்டுவார். பலகையிலிருந்து ஆணித்தலை எங்கேயாவது துருத்துகிறதா என்று உள்ளங்கையால் தடவிக்கொண்டே போவார். ஆணி உரசினால் பொறி பறக்கும். அதன்மேல் சாக்கு விரிப்பார். ஒருமுறை விருதுநகர் மண்டியில் மூட்டை தூக்குகிற ஒருவர் கூலிக்கு வந்து, பழக்கத்தில் இரும்புக் கொக்கியை இடுப்பில் சொருகியபடி ஏறிவிட்டார். அவரைக் கீழே இறக்கி, கொக்கியைப் பிடுங்கி, வேலிக்கு அப்பால் வீசினார் இவர். அந்த மனுசன் போகும்போது எங்கள் ஏழு தலைமுறையையும் ஏசிவிட்டுப் போனார்.

கம்பி மத்தாப்பு கனம். அது அடியில், சக்கரத்துக்கு மேலே வருகிற மாதிரி. சரவெடி அதற்கு மேல். லேசான சரக்கு உச்சியில். கொத்தனார் செங்கல் வைப்பதுபோல ஒரு வரிசையின் இணைப்பு அடுத்த வரிசைக்கு நடுவில் வரவேண்டும். வீசக்கூடாது, இழுக்கக்கூடாது, கைக்குக் கை மாற்றித்தான் போகவேண்டும். பின்னால் கனம் ஏறிவிட்டால் முன்சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் சொன்னபடி கேட்காது என்பார்.

இன்னொன்று. கேபினுக்குப் பின்னால் இருக்கிற முன்பலகைக்கும் முதல் வரிசைப் பெட்டிக்கும் நடுவே ஒரு முழம் இடம் விடுவார். அந்தப் பலகையில் தகரம் வேறு அடித்து வைத்திருந்தார். "அண்ணாச்சி, அதுல ஒரு வரிசை பெட்டி போவுமே" என்று லோடுமேன்கள் புலம்புவார்கள். "அது வண்டி மூச்சு விடுற இடம்லே" என்பார். கேபின் பக்கம் என்ஜின் சூடு இருக்கும், வயர் இருக்கும், அங்கே ஏதும் ஆனால் லோடுக்கு எட்டக்கூடாது என்பது அவர் கணக்கு.

ஓட்டுவதிலும் அப்படித்தான். பட்டாசு லோடு எடை கம்மி, உயரம் ஜாஸ்தி. வளைவில் ஆளைச் சாய்த்துவிடும், காற்றடித்தால் தள்ளும். வேறு லோடோடு திரும்பும்போதும், தொப்பூர் இறக்கத்தில் மற்ற வண்டியெல்லாம் நியூட்ரலில் விட்டுப் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கும். இவர் மேலேயே கியரைக் குறைத்து, என்ஜின் பிடியிலேயே உருட்டிக் கொண்டுபோவார். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்து அம்மா ஆத்தாளைத் திட்டுவான். "திட்டட்டும். பிரேக் டிரம் காய்ஞ்சா அவனா வந்து ஊதி அணைக்கப் போறான்?"

பீடி கிடையாது, குடி கிடையாது. தீப்பெட்டிகூட எதற்கு வைத்திருந்தார் என்றால், சாமிக்கு ஊதுவத்தி பொருத்த.

அதை எழுதும்போது கை நிற்கிறது. எங்கள் ஆட்களுக்கு பீடிதான் நெருப்பு. ஊதுவத்தி நெருப்பில்லை, சாமி. லோடு வண்டியின் பக்கத்தில் எவனாவது பீடி பற்றவைத்தால் செவிட்டில் அறைந்துவிடுவார் அவர். அதே மனிதர், எந்த ஊரில் விடிந்தாலும் முகம் கழுவி, கேபினில் அய்யனார் படத்துக்கு முன்னால் இரண்டு வத்தி கொளுத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் சாவியைத் திருப்புவார். ஒரு நாளும் தவறியதில்லை.

ஓசூருக்கு முன்னால்

என் பிள்ளைகள் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். மூத்தவன் மகன், இளையவள் மகள். வருஷா வருஷம் வண்டிப் பெட்டி வந்தால்தான் எங்கள் வீட்டில் தீபாவளி. அவர் வண்டியிலிருந்து இறங்குவதற்கு முன்னால் பெட்டி இறங்கும். "அப்பா" என்று கூப்பிடுவதற்கு முன்னால் "பெட்டி" என்று கூப்பிடும் பிள்ளைகள். அவரும் அதில் ஒரு சந்தோசத்தோடு சிரித்துக்கொண்டு நிற்பார்.

அந்த வருஷம் பெங்களூருக்குக் கடைசி லோடு. கூடப் போன மாற்று டிரைவர் சாத்தூர்க்காரர், பெருமாள் அண்ணன். நடந்ததை அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ராத்திரி முழுக்க மழை. கேபின் கூரையின் பின்பக்கம் ஒழுக ஆரம்பித்திருக்கிறது, சரியாகப் பெட்டி இருந்த இடத்தில். நனைந்தால் பிள்ளைகள் ஏமாந்துபோகும் என்று இவர் பெட்டியை எடுத்து முன்னால், டேஷ்போர்டுக்குக் கீழே, என்ஜின் மூடியின்மேல் வைத்திருக்கிறார். அட்டை ஏற்கனவே நமத்திருந்தது. ஒரு மூலை பிரிந்து மருந்து கசிந்திருக்க வேண்டும் என்று பிறகு வந்தவர்கள் சொன்னார்கள்.

விடிந்தபோது ஓசூருக்கு முன்னால் ஒரு டீக்கடைப் பக்கம் நிறுத்தியிருக்கிறார்கள். ரோட்டு வேலைக்காக மணல் குவித்திருந்த இடம். மழை விட்டுவிட்டது. பெருமாள் அண்ணன் டீ சொல்லப் போனார். இவர் முகம் கழுவிவிட்டுக் கேபினில் ஏறினார். மழைக்குச் சாத்தின கண்ணாடி சாத்தினபடி. பெட்டிக்கு நேர் மேலே இருந்த அய்யனாருக்கு ஊதுவத்தி கொளுத்தினார்.

டீ கிளாசைக் கையில் வாங்கும்போது முதல் சத்தம் கேட்டதாம். யாரோ வேட்டுப் போடுறானுவ என்றுதான் பெருமாள் அண்ணன் நினைத்தாராம். தீபாவளி நெருங்குகிற சமயம் அல்லவா. திரும்பிப் பார்த்தால் கேபின் கண்ணாடிக்குள்ளே பச்சையும் சிவப்புமாகத் தெறித்துக்கொண்டிருந்ததாம்.

மணலை அள்ளி வீசியவர்கள் அந்த ஊர்க்காரர்கள். பின்னால் நிற்பது பட்டாசு லோடு என்று தெரிந்தும் ஓடாமல் நின்று அணைத்திருக்கிறார்கள். அவர்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவர்கள் குலம் நல்லா இருக்கட்டும்.

ஆஸ்பத்திரியில் நான் போய்ப் பார்த்தபோது கண்ணை மட்டும்தான் அடையாளம் தெரிந்தது. என்னைப் பார்த்ததும் கேட்டது, "லோடு?" என்றுதான்.

"பத்திரமா இருக்கு" என்றார் பெருமாள் அண்ணன்.

கொஞ்ச நேரம் கழித்து, "ஏ பேச்சி, பிள்ளைகளுக்குப் பெட்டி போச்சே" என்றார்.

"நீங்க வாங்க போதும்" என்றேன். அவர் வரவில்லை. தீபாவளிக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது.

தலைப்பாகை

லோடு நிஜமாகவே பத்திரமாக இருந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை சீரணிக்க முடியவில்லை.

கேபின் கரிக்கட்டையாகிவிட்டது. பின்னால் இருந்த பாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் அடித்த தகரம் ஒரு பக்கம் கறுத்திருந்தது, அவ்வளவுதான். அவர் விட்டுவைத்த ஒரு முழ இடத்தைத் தாண்டி சூடு உள்ளே போகவில்லை. தார்ப்பாயில் ஒரு பொத்தல்கூட இல்லை. அந்த லோடு எரிந்திருந்தால் மணல் அள்ளி வீசியவர்கள், டீக்கடைக்காரர், ரோட்டில் போன பஸ் எல்லாமே போயிருக்கும். அத்தனை பேரும் அவர் ஏற்றின விதத்தால் தப்பித்தார்கள். வேறொரு வண்டி வந்து சரக்கை மாற்றிக்கொண்டு போயிற்று. பெங்களூரில் இறங்கி, கடைக்குப் போய், அந்தத் தீபாவளிக்கே விற்றும் போயிற்று.

காரியத்துக்கு வந்த கம்பெனி ஆள் ஒருவர் ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "லோடு பத்தியிருந்தா ஊரே போயிருக்கும்மா. ஏதோ தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நெனச்சுக்கிடுங்க" என்றார்.

நான் எழுந்துவிட்டேன். "யாரு தலைப்பாகை? ஒங்க லோடு தலை, என் வீட்டுக்காரரு தலைப்பாகையாக்கும்? எந்திரிச்சுப் போங்க வெளிய" என்று கத்தினேன். காரிய வீட்டில் பொம்பளை இப்படிக் கத்தலாமா என்று சொந்தக்காரர்களே என்னைத்தான் அதட்டினார்கள். அதட்டட்டும்.

நாமக்கல்லில் புதுக் கேபின் கட்டி அதே வண்டியை எடுத்தோம். கேபின்தான் புதுசு, பாடி பழசு. பெருமாள் அண்ணன் முடிகிறமட்டும் ஓட்டினார். பிறகு என் தம்பி மாரி வந்தான். நான் ஒவ்வொரு லோடுக்கும் குடோனுக்குப் போய் நிற்க ஆரம்பித்தேன். ஆணித்தலையைத் தடவிப் பார்ப்பேன். ஒரு முழ இடம் விட்டிருக்கிறார்களா என்று குனிந்து பார்ப்பேன். அய்யனார் படத்துக்கு முன்னால் இருந்த வத்தி ஸ்டாண்டைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் எரிகிற சின்ன விளக்கு ஒன்று மாட்டினேன். "லேடி போலீசு வந்துட்டாக" என்று லோடுமேன்கள் சிரிப்பார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வண்டிப் பெட்டி நிற்கவில்லை. நான் கத்துவேன், என் வண்டியில்கூட என் கண்ணில் படாமல் ஏற்றிவிடுவார்கள். என் வீட்டுக்காரர் செத்தது பெட்டியால் என்று ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை. நேரம் என்றார்கள். திருஷ்டி என்றார்கள். மேஸ்திரி ஒருபடி மேலே போய், "பெட்டியை இடம் மாத்துனதுதான் தப்பு மதினி. வச்ச எடத்துலயே இருந்துருந்தா ஒண்ணும் ஆயிருக்காது" என்று எனக்கே விளக்கம் சொன்னார்.

மழைக்கு முன்னால்

அந்தப் புரட்டாசி மத்தியானத்துக்கு வருகிறேன்.

"கீழ இறக்குங்க" என்றதும் சங்கர மேஸ்திரி பெட்டியைத் தோளில் வைத்தபடியே நின்றார். அவர் கெட்ட மனுசர் இல்லை. என் வீட்டுக்காரர் பாடை தூக்கியதில் ஒரு தோள் அவருடையது.

"மதினி, ஒங்க மனசு எனக்குத் தெரியாதா? ஆனா பெட்டி இல்லாம ஒரு வண்டி இங்கனயிருந்து போனதில்ல. நாளைக்கு மாரிக்கு ஒண்ணுன்னா எங்க கையில்ல கூசும்?"

"பெட்டியோட போய்த்தான் ஒங்க அண்ணாச்சிக்கு ஆச்சு. அப்பக் கூசலியா?"

அவர் பெட்டியை இன்னொரு தோளுக்கு மாற்றினார். மாரிதான் குறுக்கே வந்தான்.

"யக்கா, எல்லாரு முன்னாடியும் மானத்தை வாங்காத. அத்தானுக்கு நடந்துச்சு, சரி. அதுக்காக எத்தனை வண்டி வருசா வருசம் போகுது, வருது. எல்லாத்துலயும் பெட்டி இருக்கு. யாருக்கு என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகாது, விடு."

"ஏலே, ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லாத. அந்தச் சொல்லை மட்டும் என் காதுல போடாத."

நானே போய் மேஸ்திரி தோளிலிருந்து பெட்டியை வாங்கினேன். வாங்கி, வாட்ச்மேன் ரூம் பெஞ்சில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டேன். பெட்டி கனமே இல்லை. உள்ளே ஏதோ ஒன்று உருண்டு ஒரு பக்கமாகப் போய் நின்றது.

லோடுமேன்கள் தார்ப்பாயை அப்படியே போட்டுவிட்டு வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார்கள். பெட்டி இல்லாத வண்டிக்குக் கயிறு போட மாட்டார்களாம். மேற்கே இடி உறுமியது. மேலே மூடாத லோடு. நனைந்தால் மொத்தச் சரக்கும் குப்பை, அதற்குப் பிறகு இந்தப் பகுதியில் என் வண்டிக்கு எவனும் லோடு தரமாட்டான். மாரி என்னையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

முதல் தூறல் விழுந்தபோது மேஸ்திரி என் பக்கத்தில் வந்து நின்றார்.

"சரி மதினி. ஒங்க பேச்சே ஜெயிக்கட்டும். பெட்டி மாரி வீட்டுக்குப் போவட்டும். எங்கிட்டக் குடுங்க, பைக்குல கொண்டுபோய் அவன் பொண்டாட்டி கையில குடுத்துருதேன். நீங்க நிம்மதியா இருங்க."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கொடுத்தேன்.

அவர் ஒரு குரல் கொடுத்ததும் ஆட்கள் ஓடிவந்தார்கள். தார்ப்பாய் ஏறியது. மூலைக்கு மூலை அட்டை வைத்துக் கயிறு இறுக்கினார்கள். மழை வலுப்பதற்குள் வண்டி கேட்டைத் தாண்டியது. மாரி என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே போனான். கோபம். கோபமாகவே போகட்டும், உயிரோடு போகிறானே என்று நனைந்துகொண்டே பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். ரொம்ப காலத்துக்குப் பிறகு அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஒண்ணும் ஆகலையே

தீபாவளிக்கு நாலைந்து நாள் இருக்கும்போது மாரி திரும்பினான். வண்டி தெருமுனையில் திரும்புகிற சத்தம் கேட்டு நான் வெளியே வந்தேன். அவன் மகள் தர்ஷினி எனக்கு முன்னால் ஓடினாள்.

கேபின் கதவு திறந்தது. முதலில் இறங்கியது பெட்டி.

அதே மினுமினுப்புக் காகிதம். அதே சிரிக்கிற குழந்தை. மாரி அதை இரண்டு கையாலும் மகளிடம் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். மேஸ்திரி பைக்கில் மாரி வீட்டுக்குப் போகவே இல்லை. நேராக விருதுநகர் பைபாசுக்குப் போய், அங்கே வண்டியை நிறுத்திக் காத்திருந்த மாரியிடம் பெட்டியைக் கொடுத்திருக்கிறார்.

"பாத்தியாக்கா? பெட்டியும் வந்துருச்சு, நானும் வந்துட்டேன். ஒண்ணும் ஆகலையே."

நான் கேபினில் ஏறிப் பார்த்தேன். நான் மாட்டின விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில், ஒரு வாழைப்பழத் துண்டில் குத்தி வைத்த ஊதுவத்திக் குச்சிகள். கீழே சாம்பல் உதிர்ந்து கிடந்தது.

என் வீட்டுக்காரரும் வருஷா வருஷம் இப்படித்தான் வந்தார். இப்படித்தான் சிரித்தார். ஏதாவது கொஞ்சம் ஆகியிருந்தாலாவது, காகிதம் கருகியிருந்தாலாவது, மாரிக்குப் புத்தி வந்திருக்கும். ஒன்றுமே ஆகவில்லை. நல்லபடியாகத் திரும்பி வந்தவனைப் பார்த்து வயிறு எரிந்த அக்காள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"சாவியக் குடுலே" என்றேன்.

"எதுக்கு?"

"குடு."

விளையாட்டு என்று நினைத்தவன், என் முகத்தைப் பார்த்துவிட்டு சாவியை என் உள்ளங்கையில் வைத்தான். மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

அவனை வண்டியிலிருந்து இறக்கிவிட்டால் தப்பித்துவிடுவான் என்று நினைத்தேன். அடுத்த மாசமே வேறொருவர் வண்டியில் ஏறிவிட்டான். டிரைவருக்கா இங்கே வண்டி கிடைக்காது? என் வண்டியில் இருந்தவரைக்கும் கூடவே நின்று திட்டவாவது முடிந்தது. இப்போது அதுவும் இல்லை.

என் வண்டிக்குக் கடைசி லோடு தர இப்போதெல்லாம் யோசிக்கிறார்கள். பெட்டி வாங்காத வண்டி, ராசி கெட்ட வண்டி என்று பேராகிவிட்டது. வத்தலும் பருப்பும் காலண்டருமாக ஓடுகிறது. பரவாயில்லை. என் மகன் அச்சாபீசில் வேலைக்குப் போகிறான். தீபாவளி அன்றைக்குக் காலையிலேயே ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டுப் படுத்துக்கொள்வான். அதையும் நான் ஏன் என்று கேட்பதில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கிற இந்த வருஷமும் மாரி கடைசி லோடு எடுத்துப் போயிருக்கிறான். நேற்று குடோனிலிருந்து கிளம்பினானாம். காலையில் போன் போட்டேன். வண்டியை ஓரங்கட்டிவிட்டுத்தான் எடுத்தான். அந்த மட்டுக்கும் நல்ல டிரைவர்தான் அவன்.

"ஏலே, மழையா அங்கன?"

"பெய்யுதுக்கா. நல்ல மழை."

"பெட்டி எங்க வச்சிருக்க?"

"வச்ச எடத்துலதான் இருக்கு. நீ ஒண்ணும் யோசிக்காத."

"கேபின் ஒழுகுதா?"

மழைச் சத்தத்துக்கு நடுவே, "வச்சிருதேன்க்கா, போலீஸ் நிக்கி" என்று வைத்துவிட்டான். அதற்குப் பிறகு போட்டுப் போட்டுப் பார்த்தேன், எடுக்கவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்த தர்ஷினி என் பக்கத்தில் உட்கார்ந்து நான் எழுதுவதை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அப்பனுக்கும் எனக்கும் பேச்சு குறைந்தாலும் அவள் வராமல் இருப்பதில்லை.

"அத்தே, இந்த வருசப் பெட்டில என்னென்ன இருக்கும்?"

எனக்குத் தெரியாததா? இந்தக் கையால் எத்தனை பெட்டி அடுக்கியிருக்கிறேன். தரைச் சக்கரம் இருக்கும் என்றேன். புஸ்வாணம் பெருசு இருக்கும், சிறுசு இருக்கும். மூலையில் பாம்பு மாத்திரை ஒரு டப்பா செருகி வைத்திருப்பார்கள், தேடித்தான் எடுக்க வேண்டும்.

"கம்பி மத்தாப்பு?"

"இருக்கும் கண்ணு."

"அப்பா கொண்டாந்துருவாருல்ல அத்தே?"

பேனாவை வைத்துவிட்டு மறுபடியும் போனை எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.